இன்னும் நூறு அடி

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்குக் கை நடுங்காது என்று ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. நல்லசிவத்துக்கு அந்தப் பெயர் இருபத்தேழு வருடம் இருந்தது. ஒரு கைப்பட்டை அதை ஒரே காலையில் கெடுத்துவிட்டது.

சங்கக் கட்டடத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ரிக் உரிமையாளர்கள் விளையாட்டாக ஆளுக்கொரு பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு எண்பத்திரண்டு. ஒருவருக்குத் தொண்ணூறு. செயலாளருக்கு எழுபத்தொன்பது வந்தது. அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கட்டி எண்பத்தொன்று ஆக்கிக்கொண்டார். நல்லசிவத்துக்கு நாற்பத்தொன்று. பட்டை பழுது என்று சொல்லி இன்னொன்றைக் கட்டினார். முப்பத்தெட்டு.

“என்னங் மாமா, ரெண்டு ரிக்கு ஓட்டறீங்க. கடைசி பஸ்ஸ விட்ட ஆளாட்டம் நெஞ்சு அடிச்சுக்குதே,” என்றார் பொருளாளர். சாப்பாட்டில் நல்லசிவத்துக்கு ரசம் வரைக்கும் போக மனமில்லை.

பட்டை பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரிதான் இருக்கும். நாடியைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும், தோலின் சூட்டைப் பார்க்கும். இன்னும் என்னென்னவோ பார்த்து, கட்டியிருக்கிறவரின் நிதானத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். எண்பதும் அதற்கு மேலும் பச்சை. பச்சை எரிந்தால்தான், கணினியில் மட்டுமே புழங்கும் மின்காசுகளின் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியும். சிவப்பு எரிந்தால் சந்தை ‘தாங்கள் சற்று இளைப்பாறவும்’ என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் மின்காசு விழுந்த வீழ்ச்சியில் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, இது வியாபாரமா சூதாட்டமா என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு பதினான்கு மாதம் உட்கார்ந்தது. நான்கு நாடுகளுக்குப் போய் வந்தது. கடைசியில் சூது காசில் இல்லை, ஆடுகிறவன் மனத்தில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. படபடப்போடு வாங்கினால் சூது, நிதானமாக வாங்கினால் முதலீடு. மனத்தை அளந்துவிட்டால் சூது ஒழிந்தது. அறிக்கையை வாங்கிக்கொண்ட கூட்டத்தில் எல்லோரும் நிதானமாகக் கை தட்டினார்கள்.

அதன்பிறகு நிதானத்துக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகைகளில் ‘நிதானம் 85க்கு மேல் உள்ள வரன் தேவை’ என்று வந்தது. தொண்ணூற்றிரண்டு வாங்கிய ஒரு அரிசி ஆலை முதலாளிக்குச் சங்ககிரி ரோட்டில் பேனர் வைத்தார்கள். அதில் அவர் ஒரு அருவிக்கு முன்னால் நின்று ஒன்றுமே நினைக்காமல் இருந்தார்.

நல்லசிவத்துக்கு மின்காசு மேல் அப்படியொன்றும் ஆசை இருந்ததில்லை. ‘உன்னை விடமாட்டேன்’ என்று ஒரு கதவு சொன்ன பிறகுதான் உள்ளே போயே தீரவேண்டும் என்று தோன்றியது.

குணசேகரபாண்டியன் என்பவர் அவர் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். சேலம் ரோட்டில் வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது அவருடைய அட்டையில் ‘மனச்சமநிலை வித்தகர்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டாரோ என்று கேட்கிறவர் எண்ணும் சமயமாகப் பார்த்துத் திறப்பார்.

“இழப்பு என்று ஒன்று கிடையாது ஐயா,” என்றார் முதல் நாள். கண்ணை மூடினார். திறந்தார். “இழப்பு என்ற எண்ணம்தான் இருக்கிறது.”

“போன வாரம் பீகார்ல போர் போடறப்ப ராடு முறிஞ்சு எண்ணூறு அடிக்குள்ளயே நின்னு போச்சுங்க,” என்றார் நல்லசிவம். “எண்ணம் மட்டும் போயிருந்தாப் பரவால்லீங்க.”

நாற்பத்தைந்து நாள் பயிற்சி. மூச்சை இழுத்தார், விட்டார். அலை இல்லாத கடலை நினைத்தார். தன்னை ஒரு பாறையாக நினைக்கச் சொன்னார் வித்தகர். பாறை என்றதும் அவருக்குத் துளைபோடும் செலவுதான் ஞாபகம் வந்தது. கடைசி நாள் மார்க் நாற்பத்துநான்கு.

“மூன்று மார்க் முன்னேற்றம்,” என்றார் வித்தகர். “தங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. பயிற்சியே இல்லாத ஒரு சாதாரண மனம் எப்படி அலைபாயும் என்று காட்டுகிறேன். அம்மா, ஒரு நிமிடம் இப்படி வாருங்கள்.”

நல்லசிவத்தின் மனைவி சுகந்தி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வந்தாள். மறுமுனையில் ராய்ச்சூரிலிருந்து ரிக் டிரைவர் அலறுவது கூடம் வரைக்கும் கேட்டது. வண்டியின் பின்சக்கரம் சேற்றில் இறங்கி, ரிக் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறதாம். வித்தகர் அவள் கையில் பட்டையைக் கட்டினார். அவள் என்ன ஏது என்று கேட்காமல் கையைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

“சாஞ்சாச் சாயட்டும், சாமி. ஆளுகளத் தள்ளி நிக்கச் சொல்லு. ஆமா, ஜேசிபிக்கு நான் சொல்லி விடறேன். காலைல எல்லாரும் சாப்புட்டீங்களா?”

தொண்ணூற்றேழு.

வித்தகர் இந்தத் தடவை கண்ணை மூட மறந்துவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, “நான் கூடத்தில் பேசிய பேச்செல்லாம் சமையலறை வரைக்கும் வேலை செய்திருக்கிறது பார்த்தீர்களா,” என்றார். அடுத்த மாதம் அவருடைய துண்டுப் பிரசுரத்தில் ‘எங்கள் மாணவி’ என்று சுகந்தியின் படம் வந்தது.

மின்காசுக் கணக்கை அவள் பேரில் திறந்தார்கள்.

“எனக்கென்னத்துக்குங்க இதெல்லாம்,” என்றாள் சுகந்தி. “உங்களுக்கு ஆகோணும்னாச் சொல்லுங்க, அமுத்தறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்லசிவம் பின்னால் நின்று, வேர்த்து, தோள் துண்டால் துடைத்து, “மைனா இறங்குது, வாங்கு, சீக்கிரம்,” என்பார். மைனா என்பது அந்த வருடம் எல்லோரும் வாங்கிய மின்காசு. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது, கேட்ட யாரும் பணக்காரர் ஆகவில்லை. சுகந்தி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அமுக்குவாள். லாபம் வந்தாலும் வெங்காயம், நட்டம் வந்தாலும் வெங்காயம். நல்லசிவத்துக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. சங்கத்தில் போய், “எங்கூட்டுல தொண்ணூத்தேழு,” என்றார், அது தன் சம்பாத்தியம் மாதிரி.

இரண்டாவது மாதம் அவள், “சித்த பேசாம இருங்க,” என்றாள். மூன்றாவது மாதம் திரையை முன்னறையிலிருந்து ஆபீஸ் ரூமுக்கு மாற்றினாள். இந்தச் சந்தைக்கு ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. ரிக்குகளிலிருந்து வரும் போனை மேனேஜர் எடுக்க ஆரம்பித்தார். சமையலுக்கு ஒரு அம்மாள் வந்தாள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் அழவில்லை, வீடு முன்னெப்போதையும்விட அமைதியாக இருந்தது. நல்லசிவம் அதை வசதி என்று நினைத்தார். நினைத்து மூன்று மாதம் ஓட்டினார்.

அவர்கள் மகள் ஆதிரை ஓசூரில் இருந்தாள். ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை அவள் அம்மாவுக்குப் போன் செய்தபோது, நல்லசிவம் ஆபீஸ் ரூம் வாசலில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அம்மா, பிரஷர் ஜாஸ்தியா இருக்காம். டாக்டர் இன்னைக்கே அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. எனக்கு பயமா இருக்கும்மா.”

“சரி கண்ணு,” என்றாள் சுகந்தி திரையைப் பார்த்தபடி. “பாத்துக்கோ.”

நல்லசிவத்தின் கண் அவள் மணிக்கட்டுக்குப் போனது. பச்சை. தொண்ணூற்றெட்டு. ஒரு மார்க் கூட அசையவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவருடைய போன் அடித்தது. “அப்பா,” என்றாள் ஆதிரை. “நான் பாத்துக்கறேன், அது இருக்கட்டும். அம்மாவுக்கு என்னாச்சு?”

அவர் ஓசூர் போய், இரண்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். சுகந்தி எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

பச்சையாக இருக்கிறவரைக்கும் ஆடுவாள், சிவப்பானால் நின்றுவிடும். நல்லசிவத்துக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். ஆகவே இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய மனுஷன், பெண்டாட்டியின் நெஞ்சைப் படபடக்க வைப்பதற்கு வழி தேடினார். இது வாலிபத்திலேயே அவருக்குச் சுலபமாக வந்த வித்தை அல்ல.

“சுகந்தி, ஆபீஸ் ரூமுக்குள்ள பாம்பு பூந்துருச்சு,” என்றார் வாசலில் நின்று.

சுகந்தி இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். கை திரையிலேயே இருந்தது.

அடுத்து அவளுடைய அக்கா ராஜாமணியை ராசிபுரத்திலிருந்து கூட்டி வந்தார். ஆதிரையின் காதுகுத்தில் பந்தியில் உட்கார வைக்கிற விஷயத்தில் வந்த தகராறு. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ராஜாமணி பேச வேண்டியதையெல்லாம் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் போனவள் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள்.

“என்னக்கா?”

“எதெதையோ இழுத்துப் பாத்தேன் தம்பி. செத்த மாமியாரக் கூட இழுத்தேன். ‘அப்படீங்களாக்கா, சரீங்கக்கா’ங்கறா.” ராஜாமணி செருப்பைத் தேடினாள். போட்டுக்கொண்டும் நகரவில்லை. “எங்கூடச் சண்டை போடாத சுகந்திய நான் பாத்ததே இல்ல. அவள எங்காவது கூட்டிட்டுப் போயிக் காட்டு.”

அன்று சாயங்காலம் சுகந்தி தானாகவே அவரைக் கூப்பிட்டாள். நல்லசிவம் ஓடினார்.

“பழைய ரிக்க வித்துரலாமுங்க,” என்றாள், கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற குரலில். “மைனா கீழ கெடக்குது. இன்னும் கொஞ்சம் எறங்கும். அதுக்குள்ள போட்டுட்டா, அப்பறம் தானா மேல வந்துரும்.”

அந்த வாக்கியம் நல்லசிவத்துக்குத் தெரிந்த வாக்கியம். ‘இன்னும் கொஞ்சம், அப்பறம் வந்துரும்’ என்பது துளை போடும் இடங்களில் தானே சொல்லிப் பழகியது என்று நினைவு வந்ததும் அவர் பட்டைக் கம்பெனியின் முகவரியைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் ஈரோடு போனார். சந்தையையும் நடத்துகிற பட்டைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் சட்டையில் ஃபர்சானா என்று பெயர் குத்தியிருந்தது. இன்ஜினீயர். முப்பதுக்குள் இருக்கும்.

“பட்டைல என்ன கம்ப்ளெய்ண்ட் சார்?”

“எம் பொண்டாட்டிக்குத் தொண்ணூத்தெட்டு காட்டுதுங்க.”

“அது நல்லதுதானே சார்.”

“பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னப்பவும் தொண்ணூத்தெட்டு.”

ஃபர்சானா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேனேஜர் இருக்கிறாரா என்று பார்த்தாள். இல்லை.

“உங்களுக்கு எவ்வளவு வரும் சார்?”

“அது எதுக்கு விடுங்க.”

“சொல்லுங்க.”

“நாப்பது.”

“அப்ப உங்க உடம்பு நல்லா வேலை செய்யுது. கையில இருக்கறது போயிரும்னு அதுக்குத் தெரியுது, நடுங்குது. அதுக்குத்தான் நடுக்கமே.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரொம்ப நாள் ஆடறவங்களுக்கு ஒரு கட்டம் வரும் சார். ஜெயிக்கணும்னு கூட இருக்காது. ஆடிட்டே இருந்தாப் போதும். அந்த நேரத்துல அவங்களுக்குப் பசி இல்ல, புருஷன் இல்ல, புள்ள இல்ல. தூங்கற குழந்தை மாதிரி நாடி அடிக்கும். பட்டைக்கு என்ன தெரியும்? மார்க்கை அள்ளிப் போடுது. ஒண்ணுமே பணயம் வெக்காதவங்களுக்கும் பச்சைதான், மொத்தமா மூழ்கினவங்களுக்கும் பச்சைதான். உங்கள மாதிரி நடுவுல இருக்கறவங்களத்தான் அது நிறுத்துது.”

நல்லசிவம் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அனந்தப்பூர் பக்கம் ஒரு விவசாயிக்கு போர் போட்டேனுங்க,” என்றார் பிறகு. “முந்நூறு அடில புழுதிதான் வந்துச்சு. அந்த ஆளுக்கு நின்ன எடத்துல காலு ஆடுச்சு. அறுநூறுல சாமிக்கு வேண்டிக்கிட்டாரு. இன்னும் நூறு அடி போட்டா வந்துருமுங்கன்னு நாந்தான் சொன்னேன். எண்ணூறு. தொள்ளாயிரம். அப்பப் பாத்தா அவரு கட்டில்ல காலு மேல காலப் போட்டுக்கிட்டு, போடுங்க போடுங்கங்கறாரு. மூஞ்சி அவ்வளவு தெளிவா இருந்துச்சு. என்னா தைரியமான மனுஷன்னு ஊருக்கு வந்து பத்துப் பேர்கிட்டச் சொன்னேன்.”

“தண்ணி வந்துச்சா?”

“இல்லீங்க.”

“உங்களுக்குக் காசு?”

“எங்களுக்கு அடிக்கு இத்தனைன்னு கணக்குங்க. தண்ணி வந்தாலும், வராட்டியும்.”

“எங்க கம்பெனிக்கும் அப்படித்தான் சார்,” என்றாள் ஃபர்சானா. “வாங்கினாலும் கமிஷன், வித்தாலும் கமிஷன்.”

“உங்க மொதலாளிக்கு இந்தப் பச்சை சமாச்சாரம் தெரியுமுங்களா?”

“சோதனை ரிப்போர்ட் முந்நூறு பக்கம். எல்லாம் அதுல இருக்கு. அட்டையில ஒரு தாமரைப்பூ போட்டு அலமாரில வெச்சிருக்காங்க.”

“பட்டையப் புடுங்கி ஒடச்சுப் போட்டா?”

“ரெண்டு மணி நேரத்துல புதுசு வீட்டுக்கு வந்துரும். அதுல மட்டும் நாங்க ரொம்ப வேகம்.” அவள் யோசித்தாள். “கணக்குல இணைப்பாளர்னு ஒருத்தரச் சேக்கலாம் சார். அப்பறம் ரெண்டு பேருக்கும் பச்சை இருந்தாத்தான் ஆர்டர் போகும். குடும்ப நலனுக்குன்னு சட்டத்துல ஒரு வரி வெச்சாங்க, யாரும் கேட்டு வந்ததில்ல. மேடம் கைரேகை வெக்கணும்.”

“வெக்க மாட்டா.”

“இணைக் கணக்குக்குக் கமிஷன்ல கால்வாசி தள்ளுபடி உண்டு. அதச் சொல்லுங்க.” ஒரு தாளில் ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள். “ஆனா இது வைத்தியம் இல்ல சார். இது பெருந்துறை ரோட்டுல இருக்கற மனநல டாக்டர் நம்பர். அவங்க அங்க வர வரைக்கும் கையப் புடிச்சு நிறுத்தறதுக்குத்தான் இந்த இணைப்பு. உங்களுக்குப் பயம் இருக்கற வரைக்கும் அவங்க தப்பிச்சாங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் நல்லசிவம் தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் சிரித்த கை.

தள்ளுபடி என்றதும் சுகந்தி கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

முதல் நாள் அவள் பக்கம் தொண்ணூற்றெட்டு, அவர் பக்கம் முப்பத்தாறு. ‘தாங்கள் இருவரும் சற்று இளைப்பாறவும்’ என்றது திரை. நல்லசிவம் திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. அவள் நாற்காலியைத் திருப்பி அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

“வெசனப்படாதீங்க. மூச்ச மெதுவா உள்ள இழுங்க. நாலு எண்ணுங்க.”

அவள் முகத்தில் கோபமில்லை, அலுப்பில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் கூடியது. முப்பத்துமூன்று.

மூன்றாம் நாள் குணசேகரபாண்டியனை வரவழைத்தாள். வித்தகர் இப்போது காரில் வந்தார். “அலையில்லாத கடலை நினையுங்கள் ஐயா,” என்றார். நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு அனந்தப்பூரை நினைத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் போனது. வித்தகர் பீஸை வாங்கிக்கொண்டு, “இந்த மாதிரி ஒரு கெட்டியான அமைதியின்மையை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் உடம்புக்கு எதுவும் பழகிவிடும். நாலாம் நாள் நாற்பத்தெட்டு. ஆறாம் நாள் ஐம்பத்தொன்பது. காலையில் எழுந்து, காப்பி குடித்து, பெண்டாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து பயப்படுவது பல் விளக்குவதுபோல ஆகிக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் அறுபத்தெட்டு. பதினோராம் நாள் எழுபத்தாறு. இருபத்தேழு வருடம் ரிக் ஓட்டிய மனிதர், தனக்குப் பயம் போய்விடுமோ என்று பயந்தார். அந்தப் பயத்தில் நல்லவேளையாகப் பத்து மார்க் இறங்கியது. அன்று மத்தியானம் பூட்டிய ரூமுக்குள் உட்கார்ந்து, தான் செத்தால் என்ன ஆகும், அவள் செத்தால் என்ன ஆகும் என்று வரிசையாக நினைத்துப் பார்த்துப் பயிற்சி எடுத்தார். இதற்கு வித்தகர் யாரும் கிடைக்கவில்லை.

பதினான்காம் நாள் காலை சுகந்தி, “இன்னைக்கு வாங்கியே ஆகோணும்,” என்றாள். பழைய ரிக்குக்கு ஆள் பார்த்து முன்பணம் வாங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தாள். திரையில் அவள் விரல் தயாராக இருந்தது. அவர் பக்கம் எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. நல்லசிவம் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டிலில் கால்மேல் கால் போட்டிருந்த அந்த மனிதரின் தெளிவு அதில் அப்படியே இருந்தது. அவர் பக்கத்து எண் சரிந்தது. ஐம்பத்திரண்டு. நாற்பது. இருபத்தொன்பது.

சந்தை கதவைச் சாத்தியது.

பகல் பதினொன்றரைக்கு மைனா ஏற ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு இரட்டிப்பானது. நாலு மணிக்கு மூன்று மடங்கு. பழைய ரிக்கைப் போட்டிருந்தால் அன்று சாயங்காலம் மூன்று புது ரிக் வாங்கியிருக்கலாம். நல்லசிவம் செய்தது சரி என்று காட்டுவதற்காக அது மறுநாளும் விழவில்லை, அடுத்த வாரமும் விழவில்லை.

நாலேகாலுக்குச் சுகந்தி திரையை விட்டுத் திரும்பினாள்.

“எதுத்தாப்புலயே உக்காந்துட்டிருந்தீங்களே,” என்றாள். குரல் அடியிலிருந்து வந்தது. “ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கைய நடுங்காம வெச்சுருக்க முடியல உங்களால. ஆம்பளையா நீங்க.”

அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு ஆரம்பித்தது. பீகாரில் முறிந்த ராடு வந்தது. சொல்லாமல் வாங்கிய இரண்டாவது ரிக் வந்தது. காதுகுத்துப் பந்தியில் அக்காவுக்கு இடம் போடாமல் சங்கச் செயலாளருக்கு இடம் போட்டது வந்தது. சமையல்கார அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்பக்கம் போய்விட்டாள். நல்லசிவம் தலைகுனிந்து நின்றார். பார்க்கிறவர்களுக்கு அது அவமானம் போலத் தெரிந்திருக்கும்.

“பாம்பு வந்துருச்சுன்னு பொய் சொல்றீங்க. அக்காளக் கூட்டியாந்து விடறீங்க. என்னைய என்னன்னு நெனச்சீங்க? அன்னைக்கு ரெண்டு நாள் ஆளக் காணோம். எங்க போனீங்க?”

“ஓசூருக்கு,” என்றார். “ஆதிரைய ஆஸ்பத்திரில சேத்துருந்துச்சு.”

“எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

“உங்கிட்டத்தான் புள்ள மொதல்ல சொன்னா. சரி கண்ணு, பாத்துக்கோன்ன.”

சுகந்தி எதையோ தேடுகிறவள்போல் அறையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

“எப்ப?”

“இருவது நாளாச்சு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. முப்பத்தொன்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சுகந்தியின் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் போனில் மகளின் பெயரை இரண்டு முறை தப்பாக அமுக்கி, மூன்றாம் முறை சரியாக அமுக்கினாள்.

“கண்ணு,” என்றாள். ஆதிரைதான் அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நல்லசிவம் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பெருந்துறை ரோடு டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. மூன்று வாரம் கெஞ்சிய பிறகுதான் சுகந்தி அங்கே வரச் சம்மதித்தாள், வந்தும் முதல் நாள் டாக்டரிடம் ரிக் தொழிலைப் பற்றி மட்டும் பேசினாள். பட்டை அவள் கையிலேயே இருந்தது. காலையில் காப்பி முடிந்ததும் கால்கள் தாமாக ஆபீஸ் ரூமுக்குப் போயின. திரை முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டால் மார்க் மெல்ல ஏறும். அறுபது. எழுபது.

நல்லசிவம் இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அவளுக்கு நேர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவள் கண்ணைத் திறந்தால் முதலில் தன் முகம் தெரிகிற மாதிரி பார்த்து உட்கார்கிறார்.

ஒரு நாள் காலை அப்படித்தான் சுகந்தி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். மூன்று மடங்கு ஏறிய மைனா, மூன்று புது ரிக், இன்னும் என்னவெல்லாமோ அந்த முகத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுபத்திரண்டு சடசடவென்று நாற்பதுக்கு வந்து நின்றது.

“எந்திரிச்சு அக்கட்டால போங்க,” என்றாள்.

“போறேன்,” என்று சொல்லிவிட்டு நல்லசிவம் பக்கத்தைத் திருப்பினார்.